வலப்பக்கம் குத்திய பதக்கம்

ஒரு போர்வீரர் தன் பதக்கத்தை இழப்பதற்கு அரசாங்கம் ஒப்புக்கொண்ட வழிகள் இரண்டே இரண்டு: திருடு போக வேண்டும், இல்லையென்றால் தீயில் கருக வேண்டும். செட்ரிக் தோர்னின் கொரியப் போர்ப் பதக்கமோ, தேவாலயத்துப் பழந்துணி விற்பனைக்கு அவர் மனைவி மேவிஸ் கொடுத்த கோட்டின் பைக்குள்ளேயே போய்விட்டது. மனைவி மனமுவந்து அளித்த கொடைக்கு மாற்றுப் பதக்கம் வழங்க இயலாது என்று பதக்க அலுவலகம் ஆழ்ந்த மரியாதையுடன் பதில் எழுதியது.

அந்தப் பதக்கம் கைமாறிக் கைமாறி லையனல் பில்பீமின் கண்ணாடிப் பேழையில் வந்து உட்கார்ந்திருந்தது. பதக்கம் சேர்ப்பதுதான் அப்போது ஹெபிள்டன் ஊரின் மோகம். பட்டாசுச் சத்தத்துக்கே மேசைக்கடியில் புகுந்துகொள்ளும் பில்பீமின் முன்னறையில் நாலு போர்கள் தொங்கின. ஆனாலும் மனிதர் நல்லவர். செட்ரிக் கெஞ்சிக் கேட்டதும், போரில் மாண்டவர்களுக்காக ஊர்வலம் நடக்கும் நினைவு ஞாயிறு ஒரு நாளைக்கு மட்டும் இரவல் தந்தார். கைரேகை படாமலிருக்க வெள்ளைக் கையுறையும் கூடவே தந்தார்.

செட்ரிக்குக்கு எண்பது தாண்டியாயிற்று. முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒரு தடவையாவது பதக்கத்தோடு ஊர்வலத்தில் நடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தியவர் டெஸ்மண்ட் க்ராப், நகராட்சிக் குப்பைத்தொட்டிப் பிரிவில் ஓய்வு பெற்றவர். தன் பதக்கம் இடது மார்பில், இறந்துபோன உறவினரின் பதக்கம் வலது மார்பில் என்ற வழக்கத்தைக் காப்பாற்றவே அவர் பிறவி எடுத்திருந்தார்.

"பதக்கம் யாருது ஐயா?"

"பில்பீமோடது. இரவல்."

"அப்போ உங்களுது இல்ல. வலப்பக்கம் மாத்திக் குத்துங்க."

"விளிம்புல பாருங்க, தோர்ன்னு என் பேருதான் வெட்டியிருக்கு."

க்ராப் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த தோர்ன் உயிரோட இருக்காரா?"

"உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

"அப்போ வலப்பக்கமும் முடியாது. உயிரோட இருக்கிறவர் பதக்கத்த இன்னொருத்தர் போட்டுக்கிட்டா அது ஆள்மாறாட்டம்."

அந்தப் பக்கம் பாண்டு வாத்தியம் கிளம்பிவிட்டது. செட்ரிக் ஒரு கணம்தான் யோசித்தார்.

"செத்துட்டாரு."

"அடப்பாவமே. ரொம்ப நெருக்கமோ?"

"ஒரே வீட்லதான் வளந்தோம்."

வலப்பக்கம் குத்திக்கொண்டு நடந்தார். க்ராப் கடமை தவறாமல் காலமானவர் பெயரை மேடைக்குச் சொல்லி அனுப்ப, மேயர் அதை உரக்க வாசித்தார். ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றது. செட்ரிக்கை ஓய்வூதிய அலுவலகத்தில் பொழுதெல்லாம் காக்க வைத்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். செட்ரிக்கும் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். எவ்வளவு நல்ல மனிதர், போய்விட்டாரே என்று இருந்தது.

ஊர்வலம் முடிந்ததும் பில்பீம் ஓடி வந்தார். "மேயரே வாசிச்சுட்டாரு, இனி இதோட மவுசே வேற. தயவுசெஞ்சு உயிரோட இருக்கிறத வெளிய சொல்லிடாதீங்க."

தேநீர் விருந்தில் துக்கப்பட்ட உறவினருக்கு முதல் கேக் துண்டும், மேயர் பக்கத்தில் நாற்காலியும் கிடைத்தன. முறைப்படி இடப்பக்கம் குத்தி வந்த மற்றப் பழைய வீரர்கள், குளிரில் வெளியே வரிசையில் நின்றபடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷ ஊர்வலத்தில் அத்தனை பேரும் வலப்பக்கம் குத்திக்கொண்டு வந்தார்கள். ஹெபிள்டனில் உயிரோடிருக்கும் போர்வீரர் என்று ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஊர் அவர்களை அவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.