பழைய காருக்குப் பாட்டு கற்றுக்கொடுப்பவர்

பாட்டுப் பாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பாட்டுக் கேட்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: பாட்டு வருகிறதா என்று பார்க்கிறவர்கள். இவர்களிடம் கட்டாயம் ஒரு பழைய கார் இருக்கும். அந்தக் காரில் கேசட் காலத்து ஸ்டீரியோ ஒன்று இருக்கும். சட்டைப்பையில் புத்தம் புது ஃபோன் இருக்கும். அந்த ஃபோனுக்குள் இருக்கும் பாட்டை இந்த ஸ்டீரியோவின் வாய் வழியாக வரவைப்பதுதான் இவர்கள் பிறவி எடுத்ததன் பயன். ஃபோனிலேயே கேட்டுவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? என்னிடம் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்டால் ஊர் போய்ச் சேரும்வரை பதில் சொல்வார்கள்.

ஊரில் தேடுவானேன், எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. அடுத்தவர் பார்வை துல்லியமாக இருக்க வேண்டும் என்று லென்ஸை ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைத்துக் கொடுக்கிற மனிதர், காரில் ஏறிய மாத்திரத்தில் கண்ணை மறந்து முழுக்கக் காதாகிவிடுவார். தெருவில் அவருக்கு 'ஒயர்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பட்டம் கிடைத்த மாதிரிதான் நடந்துகொள்வார்.

முதலில் அவர் வாங்கியது வால் முளைத்த கேசட். கேசட் ஸ்டீரியோவுக்குள் போய்விடும், வால் வெளியே தொங்கும், வாலின் நுனியை ஃபோனில் சொருக வேண்டும். பாட்டு வந்தது. கூடவே யாரோ உள்ளே உட்கார்ந்து முறுக்குக் கடிப்பது போன்ற ஒரு சத்தமும் வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுகிற கட்டைவிரல் அளவு கருவி ஒன்றை வாங்கினார். அது ஒரு குட்டி வானொலி நிலையம். ஃபோனில் இருக்கும் பாட்டைப் பிடித்துக் காற்றில் விடும். ஸ்டீரியோவின் ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். ஒரு முழம் தூரத்துக்கு இத்தனை சுற்றா என்று கேட்காதீர்கள். நேராகப் போவதில் அவர்களுக்கு என்ன சுகம்? பாலம் ஒன்றைத் தாண்டும்போது உண்மையான வானொலி நிலையம் குறுக்கே புகுந்துவிடும். காதலன் காதலியின் கண்ணை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது தங்கம் விலை சொல்வார்கள். அத்தான் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் மறு கையால் ரேடியோவையும் திருகுவார். எந்தக் கையை அதிகம் நம்புகிறார் என்று பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

காரில் ஏறியவர்களுக்குப் பரீட்சை வேறு உண்டு.

"பின்னாடி கேக்குதா?"

"கேக்குது அத்தான்."

"லெஃப்ட் ஸ்பீக்கர்ல?"

"அதுலயும் கேக்குது."

"பேஸ் எப்படி இருக்கு?"

பேஸ் என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பிரமாதம் அத்தான்" என்றேன்.

"பொய் சொல்லாதே. பேஸ் நான் இன்னும் ஏத்தவே இல்லை."

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பாட்டை வரவைக்கிறாரே, கேட்பாரா? கேட்க மாட்டார். பல்லவி முடிவதற்குள் "இது சரியான ரெக்கார்டிங் இல்லை, இன்னொண்ணு இருக்கு" என்று மாற்றிவிடுவார். அந்தக் காரில் யாரும் எந்தப் பாட்டின் சரணத்தையும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு நாளாவது உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறாரா என்று அக்காவிடம் விசாரித்தேன். "வீட்டு ரேடியோதான் ஒழுங்கா பாடுதே, அது எதுக்கு அவருக்கு" என்றாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அவர் மகளுக்கு இன்டர்வியூ வரும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்து நகரத்தில் பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடம். அதில் வேலை கிடைத்தால் போதும் என்று அந்தப் பெண் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். "கார் எதுக்கு இருக்கு?" என்றார் அத்தான். எனக்கும் அந்த ஊரில் வேலை இருந்ததால் ஒட்டிக்கொண்டேன். முன்சீட்டில் அக்கா, பின்சீட்டில் நானும் அவளும். இஸ்திரி மடிப்புக் கலையாமல், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, கேட்கப்போகும் கேள்விகளுக்கு உதட்டுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் பாட்டு நின்றது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எஞ்சின் நின்றிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

"ஃபியூஸ் போயிருக்கு" என்று வண்டியை ஓரங்கட்டினார்.

"போனா போகட்டும். நேரமாகுது, கிளம்புங்க" என்றாள் அக்கா.

"அவ டென்ஷனா இருக்கா பாரு. பாட்டு இருந்தா மனசு லேசாகும்."

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

மகளுக்காகச் செய்கிறவருக்கு மகள் சொல்வது காதில் விழுமா? தலையை ஸ்டீயரிங்குக்குக் கீழே நுழைத்து, கால்களை ரோட்டில் நீட்டி, பல்லிடுக்கில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலையில் இறங்கினார். லாரிகள் அவர் காலை உரசிக்கொண்டு போயின. அக்கா வானத்தைப் பார்த்தாள், மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருவழியாகப் பாட்டு வந்தது. முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"ஃபியூஸ் எங்கிருந்து கிடைச்சது அத்தான்?"

"வண்டியிலேயே எல்லாம் இருக்குப்பா. தேடத் தெரியணும்."

கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, வாளியில் மொண்டு ஊற்றுகிற மழை.

"வைப்பர் போடுங்க" என்றாள் அக்கா.

அத்தான் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஏங்க, வைப்பர் போடுங்கன்னு சொல்றேன்."

"போடலாம். இந்தப் பாட்டு முடியட்டும்."

"பாட்டுக்கும் வைப்பருக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது வைப்பருடைய ஃபியூஸில். அதைப் பிடுங்கினால் பாட்டு நிற்கும், பிடுங்காவிட்டால் ரோடு தெரியாது. வேறு யாராக இருந்தாலும் யோசிக்கவே யோசிக்க மாட்டார்கள். அத்தான் யோசித்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை மழைக்குள் நீட்டி, கட்டைவண்டி வேகத்தில் ஓட்டினார். ஊரெல்லாம் கண்ணாடி போட்டுவிட்ட மனிதரின் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பாட்டு மணிமணியாக ஒலித்தது. அந்தக் காரின் சரித்திரத்திலேயே முதல்முறையாகச் சரணம் வந்தது.

அக்கா கையை நீட்டி ஸ்டீரியோவை அணைத்தாள். அதற்குத்தான் அத்தான் திடுக்கிட்டார்.

"வண்டியை நிறுத்துங்கப்பா" என்றாள் மகள்.

"மழை விட்டதும் பறந்துடலாம்மா."

"மழை விடறதுக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிடும்ப்பா."

நிறுத்தினார். அவள் ஃபைலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கையை நீட்டினாள். காரைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அத்தான் மெதுவாகக் குனிந்து ஃபியூஸை அதன் இடத்தில் வைத்தார். வைப்பர் இப்படியும் அப்படியும் அழகாக ஆடியது. ரோடு பளிச்சென்று தெரிந்தது. கொண்டுபோய் விட வேண்டியவள்தான் வண்டியில் இல்லை.

பிறகு அத்தான் பெருமூச்சு விட்டார். மகளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இப்ப பாட்டு வராதே" என்றார்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. நனைந்து, நடுங்கி, கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தவளிடம் அவர்கள் அதிகம் கேட்கவும் இல்லை. அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்ததை அக்கா என்னிடம் சொன்னாள். அத்தானிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரேடியோவில்தான் கோளாறு தேடியிருப்பார். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் அந்தப் பயணத்தைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவ்வளவு மழைச் சத்தத்துலயும் பேஸ் தனியா கேட்டுச்சு சார்."

சில மாதம் கழித்து இன்னொரு கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அத்தான் துடித்தார்.

"பஸ்ல போய்க்கறேன்ப்பா."

"பஸ்ல ஸ்பீக்கரே கிழிஞ்சு கிடக்கும்மா. கொரகொரன்னு கேக்கும்."

"கேக்கட்டும்ப்பா. அது போய்ச் சேருது."

அத்தான் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, இன்னும் சின்னதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். 'நம்ம வண்டியில் அந்த மாதிரி இல்லை, எல்லாரும் ரசித்துத்தான் கேட்கிறார்கள்' என்றும் தோன்றும். எப்படித் தெரியும்? பின்சீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள், அதை வைத்துச் சொல்கிறீர்கள். நல்லது. அடுத்த தடவை அப்படி வரும்போது, பாதிப் பாட்டில் ஒன்றும் சொல்லாமல் அணைத்துப் பாருங்கள். ஒருவராவது கண்ணைத் திறந்து 'ஏன் நிறுத்திட்டீங்க' என்று கேட்டால் நீங்கள் பிழைத்தீர்கள். கண்ணைத் திறக்காமலே காலை நன்றாக நீட்டிக்கொண்டார்கள் என்றால், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.