கையெழுத்தில் மனசு பார்த்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்போரூர் கல்யாண மண்டபத்தின் முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. முகூர்த்தம் ஒன்றும் கிடையாது. 'ஆழ்மன ஆலோசகர்' தாமோதரனார் வந்திருந்தார். மருத்துவம் படித்தவர்கள், பாவம், நோயாளியிடம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இவருக்கு அந்தச் சிரமமே இல்லை. கையெழுத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் கேமரா ஓடும்.

வரிசையில் ராபியா நின்றாள். பஸ் நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். போன மாதம் அவள் தங்கை மஹீரா இங்கே வந்து அழுதிருந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாதம். தூக்கமில்லை, பிள்ளையைத் தொடவே பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். மறுவாரம் அது யூடியூபில் வந்தது: 'பெற்ற பிள்ளையை வெறுத்த தாய்! ஒரே அமர்வில் குணம்!' தெருவே பார்த்தது. அன்றிலிருந்து மஹீரா வாசற்படி தாண்டவில்லை. குணமான லட்சணம் அது.

வீடியோவை நீக்கச் சொல்லி ராபியா தாமோதரனார் ஆபீசுக்குப் போன் செய்தாள். "உங்க தங்கச்சிதான் சைன் போட்டுக்கீறாங்க," என்று வைத்துவிட்டார்கள்.

இப்போது அதே படிவம் அவள் கையில். குடும்பச் சண்டை முதல் குடல்புண் வரை நாற்பது கேள்விகள். பதிலை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் அவர் 'கண்டுபிடிப்பார்'.

"படிக்கல்லாம் டைம் இல்லம்மா. கடைசில சைன் போடு," என்று அதட்டினாள் உதவியாளர் சரோஜா.

ராபியா பொடி எழுத்துவரை படித்தாள். ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. கடைசியில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டாள்.

தாமோதரனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "ஆகா! இந்தச் சுழியப் பாருங்க! பரிபூரண சரணாகதி! மனச முழுசா என்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க!"

கைதட்டல்.

ராபியா காகிதத்தை வாங்கி, முன்வரிசையில் இருந்த ஷேர் ஆட்டோ ஜெயக்குமாரிடம் நீட்டினாள். "அண்ணாத்த, அந்தச் சுழிய எழுத்துக்கூட்டிப் படி."

"எனக்கு... சம்மதம்... இல்ல. இன்னாம்மா, இதுவா உன் சைன்?"

மண்டபம் சிரித்தது.

"மேல பொடிசா கீறதையும் படி."

"'நான் பேசுவதையும் அழுவதையும் எங்கு வேண்டுமானாலும் வெளியிட முழுச் சம்மதம்.' அடப்பாவி! நானும் போட்டுக்கீறேனே!"

சிரிப்பு நின்றது. "என் பேப்பரக் குடுய்யா!" என்று கூட்டம் மேடையேறியது. தாமோதரனார் 'எதிர்மறை அலை' என்று ஏதோ முனகினார். மஹீராவின் வீடியோவை யூடியூபிலிருந்து எல்லார் கண்ணெதிரே அழிக்கும்வரை ராபியா கேமராக்காரனை நகர விடவில்லை.

மறுநாள் தங்கையைச் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா முதலில் சொன்னது இதைத்தான்: "நீங்க பேசறது இந்த ரூமோட இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவேன். வேணாம்னா பாதியிலயே நிறுத்திக்கலாம். பேசலாமா?"

மஹீரா திரும்பி அக்காவைப் பார்த்தாள். "என்னியக் கேக்கறாங்கக்கா," என்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஜெயக்குமார் கடைக்கு வந்தான். "யம்மா, சிங்கப்பெருமாள் கோயில்ல ஒருத்தர் நிழலப் பாத்தே மனசச் சொல்றாராமே?"

"போய்ட்டு வா அண்ணாத்த. ஆனா செருப்போட சேத்து மூளையயும் வெளிய வுட்டுட்டுப் போவாதே."