சம்பந்தியின் சப்பாத்தும் சர்வமதப் பயணமும்

பூச்சோங்

மரியாதைக்குரிய சம்பந்தி அண்ணாமலை அவர்களுக்கு, கமலநாதன் வணங்கி எழுதுவது. உங்கள் மருமகளைப் பெற்ற நாங்கள் இருவரும் நலம். ஈப்போவில் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இதைப் படித்து முடித்த பிறகும்.

வருகிற சனிக்கிழமை அரண்மனையில் டத்தோ பட்டம் வாங்கும்போது போடவென்று நீங்கள் கோலாலம்பூரில் வாங்கி என்னிடம் விட்டுப்போன கறுப்புச் சப்பாத்தை நேற்றே கூரியரில் அனுப்பிவிட்டேன். பார்த்ததும் பதற வேண்டாம். புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும், அரண்மனையில் நீங்கள் நொண்டக் கூடாதே என்று நானே ஒருநாள் போட்டுப் பழக்கினேன். அன்றைக்கென்று பக்கத்து வீட்டு ஜவுளிக்கடைக்காரர் கிஃபாயத்துல்லா, அடுத்தவர் மதத்தை அறிந்தால்தான் ஒற்றுமை வளரும் என்று எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கூட்டிப்போனார். பள்ளிவாசலில் தொழும் திசையான கிப்லா முதற்கொண்டு தொழுகையைப் பற்றி அழகாகத்தான் விளக்கினார், என் கண்தான் வாசலில் கழற்றிய உங்கள் சப்பாத்தை விட்டு நகரவில்லை. "அண்ணே, கிப்லா அந்தப் பக்கம் இல்ல" என்றார். விகாரையில் பிக்கு பற்றை விடச் சொன்னார், என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் விட முடியவில்லை. குருத்துவாராவில்தான் நிம்மதி கிடைத்தது. நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் ஒரு பஞ்சாபிக்காரர் சப்பாத்தை வாங்கித் தம் துண்டாலேயே துடைத்து, கையில் டோக்கனைக் கொடுத்து, "இது எங்களுக்குச் சேவை லா அங்கிள், கவலப்படாம போய்ச் சாப்பிடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரொட்டியும் பருப்பும் பாயசமும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டு, எந்தக் கவலையும் இல்லாமல் பஸ் ஏறித் தூங்கிப்போனேன்.

எழுப்பியது தேவாலய வாசலில். அங்கே சப்பாத்தைக் கழற்றவே வேண்டாமாம். கிஃபாயத்துல்லாவின் மனைவி காத்தூன் பீவி பழக்கத்தில் கழற்ற, நாம் மட்டும் போட்டிருந்தால் மரியாதைக் குறைவு என்று பஸ்ஸே கழற்றிவிட்டது, பாதர் நெகிழ்ந்துபோய்த் தம்முடையதையும் கழற்றிவிட்டார். திரும்பும்போது ஒரே தள்ளுமுள்ளு. கடைசியில் ஒரே ஒரு கறுப்புச் சோடிதான் மிச்சம் இருந்தது, உயிர் வந்தது எனக்கு, பாய்ந்து மாட்டிக்கொண்டேன். பாதர் வெறுங்காலோடு ரோடு வரை வந்து கையசைத்தார், என்ன பண்பான மனுஷர்! குதிகால் தேய்ந்திருக்கிறதே என்று கேட்காதீர்கள், இத்தனை மதங்களை ஒரே நாளில் சுற்றினால் தேயாதா? மழையில் கொஞ்சம் சிறுத்தும் போயிருக்கிறது, போடப் போட இளகிவிடும்.

நான் கும்பிட்ட எல்லாச் சாமிகளும் உங்கள் பட்டத்துக்கும் பாதத்துக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள் கால் மேல் அக்கறையுள்ள
கமலநாதன்

பி.கு.: சட்டையைத் துவைக்கப் போன என் வீட்டுக்காரி அமுதவள்ளி, பையிலிருந்து குருத்துவாரா டோக்கனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறா. இதோ ஓடுறேன் சம்பந்தி, உங்க சப்பாத்தை நானே ஈப்போவுக்குக் கொண்டுவந்துடறேன். கூரியர்ல வந்ததைக் காலில் மாட்டிடாதீங்க, பத்திரமா வைங்க. பாதர் ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட வெறுங்காலோடுதான் வைத்தாராம். நம் வழக்கத்தை அவர் மனசார ஏற்றுக்கொண்டார் என்று கிஃபாயத்துல்லா தாமான் முழுக்கச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருக்கிறார்.