லேசருக்குப் பின் இவர் பேசுவதில்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த என் தம்பி மனைவிக்கு, உன் நாத்தனார் ஆசியுடன் எழுதுவது. ஆண்டவன் தயவில் இங்கே எல்லோரும் சுகம். அதிலும் நீ அண்ணா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் ரொம்பவே சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் மனவருத்தத்தோடு இந்தக் கடிதம்.

தம்பிக்கும் புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, டாக்டர் லேசர் சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார், அவனோ "அக்கா சரின்னு சொன்னாதான் படுப்பேன்" என்று அடம்பிடிக்கிறான் என்று எழுதியிருந்தாய். பிரார்த்தனை செய்துவிட்டு நிதானமாக யோசித்தேன். என் பதில், இப்போதைக்கு வேண்டாம். டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வைத்தியம் பலித்துவிட்டது, அதுதான் தொல்லை.

உனக்கே தெரியும், உன் அண்ணா அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவர். பகலில் நான் ஏதாவது சொன்னால் பதில் வராது, திருத்தம்தான் வரும். "போன வாரம் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னியே, அது புதன்." அவ்வளவுதான், மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். இந்த மனிதருக்கு வீக்கம் வந்த பிறகு ராத்திரியில் நாலு தடவை ஐந்து தடவை எழுந்து போக வேண்டியதாயிற்று. போனால் உடனே வருமா? குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு நிற்கிறவரைப் போல உள்ளே நிற்பார். தனியாக நிற்கிறாரே என்று நானும் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சு வரும். அவருடைய அம்மா சாகும்போது என்ன சொன்னார்கள், பெண்ணைத் தூரதேசத்தில் கொடுத்தது சரியா தப்பா, அச்சகத்து முதலாளியை ஒருநாள் எதிர்த்துப் பேசிவிட்டு வீடுவரை நடுங்கிக்கொண்டே வந்தது, இப்படி எத்தனையோ. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கதவு வழியாகத் தெரிந்ததுதான்.

பிறகு டாக்டரிடம் போனோம். "வெளிய கத்தி வைக்கிறதே இல்லைம்மா, தையலும் இல்லை. ஒண்ணுக்குப் போற வழியாவே மெல்லிசா ஒரு குழாயை விட்டு, அடைச்சிட்டிருக்கிற சதையை ஒளியாலேயே எடுத்துடுவோம்" என்றார். ஒளி என்றதும் என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து டாக்டர் கூச்சப்பட்டார் பாவம். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவரிடம் மட்டும் ஏதோ விளக்கினார். என்னவாம் என்று இவரிடம் கேட்டேன். "பின்விளைவு ஒண்ணு இருக்காம். நம்ம வயசுக்கு அது பிழையில்லை, அப்படியே விட்டுடலாம்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். குழாய், பை எல்லாம் தொங்கிற்று. எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கு என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? குடித்தது வரவு, போனது செலவு என்று எழுதிக்கொண்டே வந்தால், வரவைப் போல பல மடங்கு செலவு! அதுவும் சிவப்பாக. ஓடிப்போய் நர்ஸைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"ஐயோ நர்ஸம்மா, மனுஷன் கரைஞ்சு போயிட்டே இருக்கார், பாருங்க!"

"அம்மா, மேல உப்புத்தண்ணி பை தொங்குது பாருங்க. அது குழாய் வழியா உள்ள போய்க் கழுவிட்டு வெளிய வருது. அதை வரவுல சேத்தீங்களா?"

"சேக்கலையே."

"சேத்துப் பாருங்க, சரியா வரும். சிவப்பும் போகப்போகக் குறையும்."

பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே ஆபரேஷன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க சம்சாரத்தைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க, சிரிச்சா வலிக்குது" என்று கெஞ்சினார். உன் அண்ணா கண்ணைத் திறக்காமல், "கூட்டல்ல தப்பு வராது அவளுக்கு. வரவு செலவுத் தலைப்புலதான் வரும்" என்றார். மயக்கத்திலும் திருத்தம்!

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் எரிச்சல், கொஞ்ச நாள் அடக்க முடியாமல் கசிவு. அதெல்லாம் போன பிறகு ஒரு காலையில் உள்ளே போனவர், பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி வெளியே வந்தார். "கேட்டுச்சா?" என்றார். கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து, "அக்கா, உங்க வீட்ல பைப் ஏதாவது உடைஞ்சுடுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நானும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அன்றிலிருந்து மனிதர் படுத்தால் படுத்ததுதான். மரக்கட்டை. எனக்கோ பழைய நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளியலறைக் கதவு திறந்தே கிடக்கிறது. ஒருநாள் பழக்கத்தில், "நாளைக்குப் பெண்ணுக்குப் போன் பண்ணணும்" என்று அந்தக் கதவிடமே சொல்லிவிட்டேன். பகலிலாவது இருக்கிறாரா? முன்பெல்லாம் எங்கே போனாலும் கடைசி வரிசை, வாசல் பக்கம். இப்போது சினிமாவில் நட்டநடுவில் டிக்கெட் எடுத்து, இடைவேளையில்கூட எழுந்திருக்காமல் கர்வமாக உட்கார்ந்திருக்கிறாராம். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலம் என்றோ முடிந்துவிட்டது, காய்கறிப் பையைத் தூக்கச் சொன்னால் மட்டும் இன்னும் டாக்டர் பெயரைச் சொல்கிறார்.

நானும் சும்மா இருக்கவில்லை. படுக்கும் முன் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். தனியாகக் குடிக்க யோசித்தார் என்று துணைக்கு நானும் ஒரு சொம்பு குடித்தேன். அவர் விடியும்வரை தூங்கினார், நான்தான் ராத்திரி முழுக்க நடந்தேன். ஆண்டவனிடம் முறையிடலாம் என்றால் அதற்கும் வாயில்லை. வருஷக்கணக்காகக் குணமாக்கு என்று அழுததே நான்தானே! இருந்தாலும் வெட்கத்தை விட்டு, கொடுத்ததில் பாதியை எடுத்துக்கொள் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. இவரைப் போலவே.

ஆகையால் அம்மா, தம்பி பகலில் உன்னிடம் பேசுகிறானா என்று முதலில் பார். பேசினால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். பேசாதவன் என்றால் மாத்திரை ஏதாவது கேட்டு வாங்கி, ஆறு மாசம் தள்ளிப்போடு. அவன் என் கூடப்பிறந்தவன், எனக்குத் தெரியாதா, உன்னிடம் என்ன பேசியிருக்கப் போகிறான்!

உன் வீட்டில் வியாதி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். தம்பிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்

பி.கு.: வழக்கம்போல் இதை இவரிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி தோளைத் தொட்டு எழுப்பி, "உனக்குத் தூக்கம் கெடுதேன்னுதாண்டி நான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டேன்" என்றார். நான் எழுந்து உட்கார்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது. விடியும்வரை பேசினார், கதவு எதுவும் நடுவில் இல்லாமல். மறுநாளும் எழுப்பினார். நேற்றும் எழுப்பினார். பிரார்த்தனையில் உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. தள்ளிப்போட்டால் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் அப்போதே எச்சரித்தார், தம்பியை உடனே சேர்த்துவிடு. அக்கா சரி என்றாள் என்று சொல். பேச்சு வேண்டுமென்றால் நீயே அவனை எழுப்பிக் கேள், எழுந்துவிடுவான். இதைச் செய்து பார்க்காமல் இத்தனை மாசம் இருட்டில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.