ஜப்பான் மல்யுத்தப் பட்டியலும் ஐம்பத்தெட்டு கிலோ விருந்தாளியும்

நம்மைத் தேடி வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவரின் எடையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒலிபெருக்கியில் அறிவித்த ஆள் நான்தான். இலங்கை மலைநாட்டில், எங்கள் லிந்துலைப் பக்கம் இன்னும் சிலர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நானும் வேறு யாரோ ஒரு கிறுக்கனின் கதை என்பதுபோல் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது தலையும் நரைத்துவிட்டது. ஒப்புக்கொண்டுவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். (பெறுபேறு என்னவென்று கேட்காதீர்கள். அது இந்தக் கட்டுரையைவிடச் சோகமானது.) அந்தச் சமயத்தில் தலவாக்கலையில் ஒரு வீடியோக் கடையை மூடினார்கள். யாருமே வாடகைக்கு எடுக்காத ஒரு பெட்டிக் கசெட்டுகளைக் கடைக்காரர் என் கூட்டாளி செல்வராஜிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். செல்வராஜின் அப்பா தோட்டத்து லொறி டிரைவர். அவர்கள் வீட்டில் டீவியும் டெக்கும் இருந்தன. ஏதோ சண்டைப் படம் என்று நம்பிப் போட்டோம். வந்தது ஜப்பான் மல்யுத்தம்.

பதினேழு கசெட்டிலும் அதுதான். இருவர் மேடைக்கு வந்து குனிந்து வணங்குவார்கள். அப்புறம் ஒருவர் கழுத்தை ஒருவர் ஒடிக்கப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடியும் குனிந்து வணங்குவார்கள். இவ்வளவு மரியாதையாக அடித்துக்கொள்ளும் ஆட்களை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் லயத்தில் அடிதடிக்குக் குறைவில்லை, வணக்கம்தான் இருக்காது.

அவர்களின் பெயர்களைப் படிக்கத் தெரியாது. ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். கைகளைக் கட்டிக்கொண்டு எதிராளியை முறைத்தபடி நிற்பவர் ‘பெரிய கங்காணி’. மொட்டைத் தலைக்காரர் ‘கவ்வாத்து’. (தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி மொட்டையாக்குவதை எங்கள் ஊரில் கவ்வாத்து என்போம்.) அடித்துவிட்டு அடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைக்கும் ஒருவருக்கு, எங்கள் காரியாலயத்து எழுத்தரைப்போல் ‘கிளாக்கர் ஐயா’ என்று பெயர்.

பார்த்தோம், ரசித்தோம் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, ‘உலகத்தின் மிகச் சிறந்த பத்து ஜப்பான் மல்யுத்த ஆட்டங்கள்’ என்று தலைப்புப் போட்டுத் தரவரிசை எழுத ஆரம்பித்தேன். (உலகம் என்றால் பதினேழு கசெட்.) ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரணம் எழுதினேன். கசெட் ஒட்டுத்தாளில் இருந்த ஜப்பான் எழுத்துகளையும் படம் வரைவதுபோல் பக்கத்தில் வரைந்தேன். ஆறாவது இடமா ஏழாவது இடமா என்று செல்வராஜும் நானும் இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இரண்டாம் இடம் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு. அதை அங்கே வைத்தது என் அக்கா பாக்கியம். ஒருநாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள் நின்றபடியே முழு ஆட்டத்தையும் பார்த்தாள். “நீங்க எழுதியிருக்க ஆம்பளைங்க எல்லாம் நடுவுல படுத்து ரெஸ்ட் எடுக்குறாங்க. இந்தப் புள்ளைங்க எடுத்தாங்களா? ரெண்டாவதா போடு” என்றாள். போட்டேன். அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

முதலிடத்தில் பெரிய கங்காணியும் கவ்வாத்தும் மோதிய ஆட்டம். நாற்பது நிமிடம் அடித்துக்கொண்டபின் கங்காணி, கவ்வாத்தைத் தலைக்குமேல் தூக்குவார். அந்த இடத்தில் கசெட் முடிந்துவிடும். அடுத்த கசெட் எங்கள் பெட்டியில் இல்லை. இரண்டு வருடமாகக் கவ்வாத்து எங்களுக்காக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். முடிவு தெரியாததாலேயே அது முதலிடத்துக்குப் போனது என்று இப்போது படுகிறது.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அக்காவுக்கு வேலை. நாற்பது பிள்ளைகளை அவளும் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள். கூரைத் தகரம் ஓட்டை. மழை வந்தால் அக்கா தொட்டில்களை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டே இருப்பாள். லிந்துலையில் மழை வராத நாளை விரல்விட்டு எண்ணலாம். அந்த வருடம் நெஞ்சுச் சளி முற்றி இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன அறநிலையம் எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு உதவி செய்ய விரும்புவதாகச் செய்தி வந்தது. அதன் சார்பில் தனாகா என்ற பெரியவர் நேரில் பார்க்க வருகிறார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் வேண்டும். கூரையைக் காட்டினால் ‘இதைக்கூடத் திருத்தாமலா வைத்திருந்தீர்கள்’ என்ற கேள்வி வருமல்லவா? ஆகவே முன்சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். விருந்தாளிக்கு வாசலில் வரவேற்பு, அப்படியே துரையின் பங்களாவில் தேநீர், அதோடு முடிந்தது. உள்ளே கூட்டிப் போகும் திட்டமே இல்லை.

வரவேற்பு பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், ஜப்பான்காரர்களுக்கு மாலையும் பொட்டும் பிடிக்குமோ என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்கள். ஜப்பானைப் பற்றித் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

அந்த நேரம் என்னை யாராவது சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். செல்வராஜ் செய்யவில்லை. அவனும் பக்கத்தில் எழுந்து நின்றான். “அங்க மதிப்பான ஆளு வந்தா, பேரச் சத்தமா சொல்லுவாங்க. உடனே எல்லாரும் கலர் கடதாசிச் சுருள வீசுவாங்க. அதுதான் அவுங்க முறைங்க” என்றேன். பொய் சொல்லவில்லை. பதினேழு கசெட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஜப்பான் முழுவதும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பியது மட்டும்தான் என் பங்கு.

அன்று மாலை அக்கா என்னை அடுப்படியில் பிடித்தாள். “தம்பி, ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன். வரவேற்ப சுருக்கமா முடி. அவரு ரெண்டு நிமிசம் உள்ள வந்தாப் போதும். அந்தக் கூரையப் பாத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. “நான் பாத்துக்கறேன்க்கா” என்றேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

கலர் சுருளுக்கு எங்கே போவது? கூட்டுறவுக் கடையில் கணக்கு மெஷினுக்குப் போடும் வெள்ளைத்தாள் சுருள்கள் இருந்தன. முப்பது வாங்கி, சிலவற்றைக் கேசரிப் பவுடரிலும், சிலவற்றை மஞ்சளிலும், மிச்சத்தைத் துணிக்குப் போடும் நீலத்திலும் ஊறவைத்தோம். வெயில் இல்லாததால் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக் காயவைத்தோம். வெள்ளைச் சுருளை வைத்து ஒத்திகை பார்த்தபோது அது காற்றில் அழகாக அவிழ்ந்து பறந்தது. நனைந்து காய்ந்த சுருளை எறிந்து பார்க்கவேண்டும் என்று இரண்டு நிபுணர்களுக்கும் தோன்றவில்லை. அவை தாளோடு தாள் ஒட்டி, செங்கல்லுக்குத் தங்கச்சியாக இறுகிப்போயிருந்தன.

குறித்த நாளில் விருந்தாளி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கினிகத்தேனை வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றி, இரண்டு இடத்தில் வாகனத்தை நிறுத்தினார்களாம். வெள்ளைச் சட்டை போட்ட, மெலிந்த, வெளிறிப்போன ஒரு மனிதர் இறங்கினார். கூடவே கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர், தமிழும் புரிந்த ஒரு சிங்கள இளைஞர். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நிறைகுடத்துக்குப் பக்கத்தில் துரை தொப்பியோடு நின்றார். வாசலில் அக்கா, இடுப்பில் ஒரு பிள்ளையோடு.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். மேடைக்கு வரும் வீரரை அறிவிப்பவர் முதலில் ஊரைச் சொல்வார், பிறகு எடை, கடைசியாகப் பெயர். கசெட் திரையில் கிலோ கணக்கு எழுத்தில் வரும். எடை தெரியாமல் என்ன செய்வது? கண்மதிப்பில் ஒன்றைப் போட்டேன்.

“ஜப்பா...ன் நாட்டிலிருந்து வந்திருக்கும்... ஐம்பத்தெட்டு கிலோ... தனா...கா ஐயாஆஆ!”

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்து, “தம்பி, எடையா சொன்னீங்க?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு அதையும் மொழிபெயர்த்தார். தனாகா ஐயா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து நான் கையை உயர்த்தினேன். லயத்துப் பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் வீசினார்கள். ஒரு சுருளாவது அவிழ்ந்திருக்க வேண்டுமே! முதலாவது துரையின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. இரண்டாவது நிறைகுடத்துத் தேங்காயை உருட்டியது. மிச்சம் விருந்தாளியின் தோளிலும் முதுகிலும் விழுந்தன. தூறலில் சாயம் கரைந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் கேசரி, மஞ்சள், நீலம் மூன்றும் ஓடின. அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, அந்த நிலையிலும் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

இந்த நேரத்தில் புத்தியுள்ளவன் ஓடியிருப்பான். நான் பரிசு கொடுத்து நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். அகராதியை வைத்து ஆங்கிலத்தில் அழகாக எழுதி, பக்கத்தில் அந்த ஜப்பான் எழுத்துகளையும் வரைந்து வைத்திருந்த என் பட்டியலை இரண்டு கைகளாலும் நீட்டினேன். அவர் மழையில் நின்றபடி ஒன்று முதல் பத்து வரை வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவமானப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தோம். துரை என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் குடும்பம் லயத்தைக் காலி செய்வதுவரை எனக்குத் தெரிந்தது.

அப்போது அக்கா படியிறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. விருந்தாளியின் கையைப் பிடித்து, “உள்ள வாங்கய்யா, நனைஞ்சா சளி புடிச்சுக்கும்” என்று தமிழிலேயே சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். சாயம் சொட்டும் ஒரு மனிதரைப் பங்களாவின் கதிரையில் எப்படி உட்கார வைப்பது? துரையால் தடுக்க முடியவில்லை.

நான் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ப் பீப்பாயின் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். அக்கா குழந்தைத் துவாயால் அவர் தலையைத் துவட்டினாள். வெளியே தூறல் நின்றுவிட்டது. உள்ளே நிற்கவில்லை. கூரையில் தேங்கிய தண்ணீர், துவட்டி முடித்த அவருடைய தலையில் சொட்டென்று விழுந்தது. அவர் மேலே பார்த்தார். பிறகு தரையில் இருந்த பேசின்களைப் பார்த்தார். ஒரு தொட்டிலுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கவும், அக்கா இடுப்பிலிருந்த பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டிலை இழுத்தாள். இருபது நிமிடம் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் சுவரோரமாக நின்றார். பங்களாவில் தேநீர் ஆறிப்போனது.

அடுத்த மூன்று மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. நான் கொப்பியைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் காரியாலயத்துக்குக் கடிதம் வந்தது. ஊஞ்சல் பிறகு பார்க்கலாமாம், முதலில் கூரையாம். முழுக் கூரை. அதற்குள் எனக்கென்று ஆங்கிலத்தில் தனியாக ஒரு தாள். அதை இன்றும் வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருந்தது:

‘அன்று காலை உணவு முழுவதையும் கினிகத்தேனையில் விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தால் என் எடை அறுபத்தொரு கிலோ. திருத்திக்கொள்ளவும். எனக்கு மல்யுத்தம் தெரியாது. என் மகளுக்குத் தெரியும். நீங்கள் வரைந்த எழுத்துகளில் பாதி தலைகீழாக இருந்தாலும் அவள் ஆட்டங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். முதல் ஆட்டத்தில், தூக்கப்பட்டவர் கீழே விழுந்தார். எழுந்தார். வென்றார். உங்கள் இரண்டாம் இடத்தை மகள் முதலிடத்துக்கு மாற்றுகிறாள். உங்கள் தரவரிசையை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.’

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கூரை என்ற இடத்தில் அழுதாள். இரண்டாம் இடம் முதலிடமானது என்ற இடத்தில் எழுந்து நின்று, “நான் அன்னைக்கே சொன்னேன்ல!” என்றாள். மூன்று மாதக் கோபம் அத்தோடு போனது. கவ்வாத்து ஒருவழியாகத் தரைக்கு இறங்கிவிட்டார் என்று சொல்ல நான் செல்வராஜ் வீட்டுக்கு ஓடினேன்.

அந்த மனிதரை நான் மறுபடி பார்க்கவில்லை. சாயத்தோடு நின்றவர், ஒரு பைத்தியக்காரனின் பட்டியலைக் கசக்கி எறியாமல் மடித்துக் கடல் தாண்டிக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் நனையாமல் தூங்கினார்கள். என் முட்டாள்தனம் யாருக்காவது பயன்பட்டது அந்த ஒருமுறைதான்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எதையும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ரசம் நன்றாக இருக்கிறது என்றால்கூட, “ஜப்பான் மக ஒத்துக்குவாங்களா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். முதலில் வாங்கியது அக்கா. தாதியிடம் எடையைக் கேட்டுக்கொண்டு, வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்க, பிள்ளையை உயர்த்திப் பிடித்தாள்.

“நுவரெலியா...வில் பிறந்திருக்கும்... மூணு கிலோ நூறு கிராம்... எங்க வீட்டு ராசாத்தீஈஈ!”

பக்கத்துக் கட்டில்களில் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. “அக்கா, ஒலகத்துலயே இதுதான் மொதலிடம்” என்றேன்.

அக்கா பிள்ளையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

“எதுக்கும் ஜப்பானுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுக்கடா.”