ஓடாத பதினாலு நாள்

மாரத்தான் ஓடுபவர்களில் வேகமானவர்கள் உண்டு, மெதுவானவர்கள் உண்டு, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு சாலையைத் திறந்துவிட வரும் வண்டியிடமிருந்து மயிரிழையில் தப்புகிற என்னைப் போன்றவர்களும் உண்டு. எங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இன்று நான் பிடித்துக்கொண்டு வந்திருப்பது வேறொரு இனம்: ஓய்வெடுக்கச் சொன்னதும் வேலையை ஆரம்பிக்கிறவர். ஆண்டில் ஐம்பது வாரம் சாதாரண மனிதராகத்தான் நடமாடுவார். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் சுயரூபம் வெளிவந்துவிடும்.

அந்த இரண்டு வாரத்துக்கு டேப்பர் என்று பெயர். நான்கு மாதம் ஓடி ஓடித் துவண்ட கால்கள் தேறட்டும் என்று ஓட்டத்தைப் பாதியாக, பிறகு கால்வாசியாகக் குறைப்பார்கள். சும்மா இருக்க முடியாமல் கை கால் நமநமவென்று இருந்தால், நோகாமல் இருபது நிமிடம் நீந்தலாம், சைக்கிளை மெதுவாக மிதிக்கலாம். அது மாற்றுப் பயிற்சி. இவ்வளவுதான் சட்டம். இதில் ஓட்டை எங்கே என்று உங்களுக்குத் தெரிகிறதா? நம்மவருக்குத் தெரியும்.

எங்கள் தோ பாயோ வட்டார ஓட்டக் குழுவின் தியோ கிம் செங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்பது வயது, காப்புறுதி அலுவலகத்தில் வேலை, நான்கு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடிக்க வேண்டும் என்பது ஒன்றே லட்சியம். மூன்று டிசம்பராக முயன்று மூன்று தடவையும் ஐந்தாறு நிமிடத்தில் கோட்டைவிட்டவர். பந்தயம் டிசம்பரில் வருவதால் மனைவி பெக் ஹூனும் மூன்று வருடமாக எங்கேயும் போகவில்லை. ஹொக்கைடோவில் பனி பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண்மணியின் ஆசை. "இந்தத் தடவை நாலு மணிக்குள்ள முடிச்சுட்டா, அடுத்த டிசம்பர் ஓட்டமே கிடையாது, பனிதான்!" என்று கிம் செங் சத்தியம் செய்தார். பெக் ஹூன் அந்த வாரமே இரண்டு கம்பளித் தொப்பி வாங்கிவிட்டார். பாவம்.

பயிற்சியாளர் ஹம்சாவுக்கு வயது இருபத்தெட்டு. கோப்பிக் கடையில் எங்கள் எல்லோர் முன்னாலும் தெளிவாகத்தான் சொன்னார்.

"அங்கிள், போன வருஷம் மாதிரி பண்ணிடாதீங்க. ரெண்டு வாரம் சோம்பேறியா இருங்க. இருபது நிமிஷம் நீச்சல், போதும் லா."

"சைக்கிள்?"

"மெதுவா மிதிங்க."

"படி ஏறலாமா?"

"எதுக்குப் படி? லிஃப்ட் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போனா?"

ஹம்சா தேங்காய் ஜாம் தடவிய காயா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் கோப்பியைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை இருபது நிமிடம் நீந்தப் போன கிம் செங், பக்கத்துத் தடத்தில் பூப்போட்ட தொப்பி அணிந்த எழுபது வயது அம்மையார் தன்னை முந்திப் போவதைக் கண்டு, அவர் கரையேறும்வரை தானும் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்து, அந்த அம்மாளுக்கோ அன்றைக்கு வேறு வேலையே இல்லாததால் எண்பது சுற்று நீந்தினார். செவ்வாயன்று மெதுவாக மிதிக்கிறேன் என்று கிளம்பி, எதிர்காற்றைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டு தீவின் கிழக்கு முனையான சாங்கிவரை போய்வந்தார். புதனன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் அடுக்குமாடி புளோக்கின் இருபத்தைந்து மாடியை ஆறு தடவை ஏறி இறங்கினார். வியாழனன்று, இரட்டையர் ஆட்டம் என்றால் பாதி நேரம் நிற்பதுதானே என்று பூப்பந்து ஆடி, கூட்டாளியின் பந்துகளையும் தானே பாய்ந்து பாய்ந்து அடித்தார். இதில் எங்காவது ஓடினாரா? இல்லையே! கைக்கடிகாரத்தில் ஓட்டக் கணக்கு சுத்தமான பூஜ்யம். அதைக் குழுவில் படம் எடுத்துப் போட்டார். பத்துப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அதில் நானும் ஒருவன்.

பெக் ஹூன் விடவில்லை.

"கால் வீங்கியிருக்கு, கிம் செங்."

"வீக்கமில்ல, சதை."

"ஓய்வுன்னா என்னன்னு தெரியுமா ஐயா உனக்கு?"

"நான் ஓடலையே!"

இரண்டாவது வாரம் பெக் ஹூன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். அதனால் என்ன? கிம் செங் ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கினார். தொலைக்காட்சியின் முன் நாற்காலி இல்லாமலே அந்தரத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசைக்கடியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க, மேலே மீன் சூப்பில் அலையடித்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள், எண் அட்டை வாங்கப் போன மண்டபத்தில் ஒரு கடை விடாமல் நான்கு மணி நேரம் சுற்றினார். கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

பந்தயத்தன்று நான் முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டு, பெக் ஹூனோடு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் நின்றேன். காலை எட்டு மணி வெயில். கணவருக்கு உற்சாகமூட்ட அந்தப் புண்ணியவதி கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வேர்வையில் தொப்பலாக நின்றார். முப்பதாவது கிலோமீட்டர்வரை கிம் செங் நேரத்தோடுதான் வருவதாகக் கைப்பேசி சொன்னது. பெக் ஹூன் என் கையைப் பிடித்து ஒரு குதி குதித்தார்.

பிறகு ஆள் வந்தார். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"என்ன ஆச்சு?" என்று ஓடினேன்.

"ரெண்டு காலும் பிடிச்சுக்கிச்சு," என்று தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

பெக் ஹூன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது எப்படி கிம் செங்? நீதான் ஓடலையே!"

கிம் செங் குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டு, அதே நண்டு நடையில் கிளம்பினார்.

நான்கு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தார். நான்கு வருடத்தில் இதுதான் ஆக மோசம். முடிவுக் கோட்டில் வாழைப்பழத்தோடு தரையில் சரிந்திருந்தவரின் முகம் திடீரென்று பிரகாசமானது. ஹம்சாவைக் கூப்பிட்டார்.

"கோச், தப்பு எங்கன்னு பிடிச்சுட்டேன். பூப்பந்து ஒரே ஒரு நாள்தான் ஆடினேன். அடுத்த வருஷம் ரெண்டு நாளாக்கிடலாம்."

அடுத்த டிசம்பரில் பெக் ஹூன் பனி பார்க்கப் போகிறார். துணைக்கு அவருடைய அக்கா. இரண்டாவது தொப்பி அக்காவுக்கு அளவாக இருக்கிறதாம்.

சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் மாரத்தானா ஓடுகிறோம் என்கிறீர்கள். டாக்டர் மூன்று நாள் படுத்திருக்கச் சொன்னதும் பரணை ஒழிக்க ஏணி போட்டது யார்? விடுமுறைக்குப் போன ஊரில் விடியற்காலையில் குடும்பத்தையே தட்டி எழுப்பியது யார்? அதெல்லாம் போகட்டும். இதை வாசிக்க ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே? அந்தக் குதிகால் ஏன் ஆடுகிறது?

உங்கள் வீட்டில் இரண்டாவது தொப்பி யாருக்கு என்று எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். உட்கார்ந்துகொண்டே கேளுங்கள்.