கொலைகாரர் தேவை

புகழ்பெற்ற பழைய துப்பறியும் கதை ஒன்றைக் காலத்துக்கேற்ப நவீனப்படுத்தி, தொடராக ஒளிபரப்புவதென்று தொலைக்காட்சி நிலையம் முடிவு செய்தது. எழுதும் பொறுப்பு வசனகர்த்தாவிடம் வந்தது. அவருக்கு அந்தக் கதை தலைகீழ்ப் பாடம். பூட்டிய அறையில் ஒரு பணக்காரர் செத்துக் கிடப்பார். கொன்றவர் குடும்ப டாக்டர். கடைசி வரை ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

முதல் கூட்டத்திலேயே நிலையத் தலைவர் ஒரு சின்னத் திருத்தம் சொன்னார்.

"கதை பிரமாதம். டாக்டரை மட்டும் மாத்திடுங்க. அவங்க சங்கம் சண்டைக்கு வரும்."

"சரி சார், வக்கீலா ஆக்கிடறேன்."

"வேற வினையே வேண்டாம்!"

"சமையல்காரர்?"

"நம்ம கேன்டீனை மூடிடுவாங்க."

"டிரைவர்?"

"நான் வீட்டுக்கு எப்படிய்யா போறது?"

வசனகர்த்தா துணிந்து, "சாதாரணத் திருடன்?" என்றார்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம விளம்பரதாரர்கள் மனசு புண்படும்."

அதுவரை வாய் திறக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஆட்சேபணைப் பிரிவு அதிகாரி அம்மாள் நிமிர்ந்து வசனகர்த்தாவைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன சங்கம்?"

"எனக்கா? ரெண்டு எழுத்தாளர் சேர்ந்தா மூணு சங்கம் ஆயிடுங்க. அதனால யாரும் ஆரம்பிக்கவே இல்லை."

அறையில் எல்லார் முகமும் மலர்ந்தது. பொதுமக்கள் நலன் கருதி, கொலைகாரர் ஒரு வசனகர்த்தா என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்த வேஷத்தைத் தொட எந்த நடிகரும் தயாராக இல்லாததால் அவரே நடிக்க வேண்டியதாயிற்று. மறுத்தால் வேலை போய்விடும் என்கிற உயர்ந்த கலை நோக்கத்தோடு அவரும் ஒப்புக்கொண்டார்.

பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்று முதல் வாரமே கொலையைக் காட்டிவிட்டார்கள். துப்பறிய எதுவும் மிச்சமில்லாத துப்பறிவாளர், மீதி வாரங்களில் காதல் முறிந்த துக்கத்தில் போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது.

வசனகர்த்தாவின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. காய்கறிக்காரர் இவர் தலை தெரிந்ததும் கத்தியை ஒளித்தார். மாமியார் அறையை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். மனைவி மட்டும் மனம் விட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பெரிய மனுஷனை ஏன் கொன்னீங்க?"

"அடியே, நான்தானே அதை எழுதினேன்!"

"எழுதி வேற வச்சுட்டா கொன்னீங்க?"

பொதுமக்களின் புகாரைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டரும் விசாரிக்க வந்தார்.

"சார், செத்தவரா நடிச்சவர் உயிரோடதான் இருக்கார். நேத்துகூட சிரிச்சுப் பேசினார்."

"அது அவரோட பெருந்தன்மை. நீங்க ஊரை விட்டுப் போகக் கூடாது."

வசனகர்த்தா அன்றே அகில உலக வசனகர்த்தாக்கள் சங்கத்தைத் தொடங்கினார். தலைவர், செயலாளர், கொதித்தெழுந்த உறுப்பினர்கள் எல்லாம் அவரே. மேற்படி சங்கம் வன்மையாகக் கண்டித்ததும் நிலையம் நடுங்கியது. தக்க நடவடிக்கையாக, அவர் நிரபராதி என்று அறிவித்துவிட்டது.

ஆனால் கடைசிப் பகுதி அந்த வாரமே வர வேண்டும். கொலைகாரருக்கு எங்கே போவது?

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சங்கம் இல்லாத ஆளே உலகத்துல கிடையாதா?"

தான் தப்பித்த தெம்பில் வசனகர்த்தா யோசிக்காமல் சொன்னார்: "டிவி பார்க்கிறவங்களுக்குச் சங்கம் இல்லை சார்."

அப்படியே எடுத்தார்கள். துப்பறிவாளர் கேமராவுக்கு நேராக வந்து விரலை நீட்டி, "கொலைகாரர் நீங்கள்தான்!" என்றார். தொடர் முடிந்தது. ஊர் திரண்டு வரும் என்று நிலையத்தின் வாசல் கதவை இழுத்துப் பூட்டினார்கள். தீயணைப்பு வண்டிகூட வந்து நின்றது.

மறுநாள் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கூட்டமெல்லாம் போலீஸ் நிலையத்தில் இருந்தது. தெருத் தெருவாக வரிசையில் நின்று, ஆளுக்கொரு புகார் கொடுத்தார்கள். வரிசையில் தன் மனைவியைக் கண்டு வசனகர்த்தா பதறிப்போய் ஓடினார்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"நான் அப்பவே நினைச்சேங்க, எதிர் வீட்டுக்காரர் முழியே சரியில்லைன்னு. நேத்து நம்ம டிவியில, ஜன்னல் வழியா நேரா அவர் வீட்டைப் பார்த்துத்தானே விரலை நீட்டினாங்க!"

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்த எதிர் வீட்டுக்காரர், இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் மேஜையை நோக்கி அவசரமாக நகர்ந்தார்.